மிஸி வீட்டு வேலி

எனக்கும் என் கணவருக்கும் அடுத்தவர் வீட்டு வாசலில்தான் பிழைப்பு. வேலி போடுவோம், வாசலுக்குக் கேட்டு செய்வோம், வெளியே உட்கார மரத்தளம் அமைப்போம், அதற்கு மேலே பந்தல் கட்டுவோம். பட்டறை பூச்சோங்கில். வெல்டிங்கும் மரவேலையும் அவர் பொறுப்பு. அளவெடுப்பது, வரைவது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது, அனுமதிக்காக நகராண்மைக் கழகத்துக்கு நடப்பது எல்லாம் என் தலையில். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஸ்க்ரூவுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது ஒரு வேலியைப் பார்த்தால் அது எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

வேலி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். திருடன். சிலர் நாய் என்பார்கள். பக்கத்து வீட்டோடு சண்டை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்பார்கள். நாங்களும் புரிந்துகொண்டு பேசாமல் இருப்போம்.

கிள்ளானிலிருந்து போன் செய்த பெரியவரும் திருடன் என்றுதான் சொன்னார்.

காப்பார் போகிற சாலையை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் வரிசையின் கடைசி வீடு அது. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருந்தது. முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மற்ற மூன்று பக்கமும் நிலம். பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பு தலைநகரில் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவர்கள், வீடு வாங்கிக் கிள்ளானுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது என்றார். வீட்டிலிருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான். எங்களைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துப் பேசினார்.

“ஏழடி உயரம் வேணும்மா. சுத்தி மூடிடணும். ஒரு ஓட்டகூட இருக்கக் கூடாது.”

“ஏழடியா அங்கிள்? இங்க அவ்வளவு திருட்டா?”

“இருக்கு, இருக்கு. நீங்க போடுங்க. இன்னொன்னு, கேட்டுக்குப் பூட்டு வெளிப்பக்கம் வைங்க.”

அளவை எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. திருடனுக்குப் பயப்படுகிறவர்கள் பூட்டை உள்ளே வைக்கச் சொல்வார்கள். இவர் வெளியே கேட்கிறார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

காரணத்தைக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா வந்தார். காலில் வெள்ளைச் சப்பாத்து, தோளில் கைப்பை, சட்டையில் ஊசியால் குத்தித் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம். நரைத்த முடியை இறுக்கமாகக் கொண்டை போட்டிருந்தார். நேராகக் கேட்டை நோக்கி நடந்தார்.

“ஏங்க, தள்ளுங்க. பஸ் வந்துடும்.”

பெரியவர் அவசரப்படவில்லை. “இன்னைக்கு உனக்கு ஆஃப் டே.”

“யாரு சொன்னா?”

“மேட்ரன் போன் பண்ணாங்க. நாளைக்கு வந்தாப் போதுமாம்.”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். கேட்டின் கம்பியை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, “யூனிஃபார்ம் எங்க? இப்படியா வார்டுக்கு வர்றது?” என்று அதட்டிவிட்டு உள்ளே போனார். சமையலறை வழியாகப் பின்பக்கம் போகிற காலடி கேட்டது.

பெரியவர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னார். அவருடைய மனைவி நர்சாக இருந்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் முழு சர்வீஸ். கொஞ்ச காலமாக மறதி. முதலில் சாமான்களை மறந்தார், பிறகு நாட்களை. இப்போது தினமும் வேலைக்குக் கிளம்புகிறார். மூன்று தடவை வெளியே போய்விட்டார். கடைசித் தடவை கண்டெய்னர் லோரிகள் ஓடுகிற பெரிய சாலையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தில், கொட்டுகிற மழையில் உட்கார்ந்திருந்தாராம்.

“யார்கிட்டயும் சொல்லலம்மா. பிள்ளைங்களுக்குக்கூட முழுசா தெரியாது. பக்கத்துல கேட்டா திருடனுக்காக வேலின்னு சொல்லிடுங்க.”

அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் நல்ல பதில் இல்லை. அந்தப் பகுதியில் முன்பக்க வேலியை ஆளுயரத்துக்கு மேல் முழுக்க மூட விடமாட்டார்கள். அதுவும் மூலை வீடு. வளைவில் திரும்புகிற காருக்கு எதிர்ப்பக்கம் தெரிய வேண்டும். அடுத்த தெருவில் ஒருவர் அனுமதி வாங்காமல் மூடிக் கட்டி, நோட்டீஸ் வந்து, தானே இடித்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். இதை மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கவுன்சில்காரங்க வந்து என் வீட்டுக்காரியப் பாத்துக்குவாங்களா?”

வரைந்து கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது லோரியை என் கணவர் ஓட்டினார். ஷா ஆலம் நெரிசலில் நிற்கும்போது, “ஏழடி போட்டாலும் அந்தம்மா நிக்கவா போறாங்க? கேட்டப் போட்டு ஆட்டிக்கிட்டே இருப்பாங்க” என்றார்.

அதுதான் எனக்கும் உறுத்தியது. எத்தனையோ வேலி போட்டிருக்கிறோம். வெளியே இருப்பவனை மனதில் வைத்துத்தான் எப்போதும் வரைந்திருக்கிறேன். உள்ளே இருப்பவரை நினைத்து வரைவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு வழி தெரியாததால் மறுபடியும் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அடுத்த சில மாலைகள் அளவு சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தனியாகப் போனேன். உண்மையில் அந்த அம்மாவின் நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வாசல் வழியாக வருவார். கேட்டு பூட்டியிருக்கும். ஆட்டிப் பார்ப்பார். திரும்பி வீட்டுக்குள் போய், சமையலறை வழியாகப் பின்பக்கம் வருவார். அங்கே துணி துவைக்கிற இடத்தோடு வழி முடிந்து சுவர் வந்துவிடும். அந்தச் சுவரின் முன்னால் நின்றுதான் கலங்குவார். இரண்டு கையையும் சுவரில் வைத்துத் தள்ளுவார். சில நாள் அழுதார். முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் நடுவே பக்கவாட்டில் நல்ல அகலமான இடம் இருந்தது. ஆனால் உடைந்த பூச்சாடிகளும் பழைய அலமாரியும் மூடியில்லாத லோங்காங் சாக்கடையும் அந்த வழியை அடைத்திருந்தன.

வெளியே போக முடியாதது அவருக்குப் பெரிய துக்கமாகத் தெரியவில்லை. கேட்டருகே சலிப்போடு, சில சமயம் சிரித்துக்கொண்டேகூடத் திரும்பினார். நடந்துகொண்டிருக்கும்போது வழி முடிந்துபோவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அப்படித்தான் எனக்குப் பட்டது.

அன்று பட்டறைக்கு வந்து வரைந்தேன். முன்வாசலிலிருந்து பக்கவாட்டு வழியாகப் பின்பக்கம் வரை ஒரே மரத்தளம். படி கிடையாது, வீட்டுத் தரையின் மட்டத்திலேயே இருக்கும். முன்வாசலில் இறங்கினால் சுற்றி வந்து சமையலறை வழியாக உள்ளே நுழையலாம், மறுபடியும் முன்வாசலுக்கு வரலாம். எங்கேயும் முட்டி நிற்க வேண்டாம். பக்கவாட்டில் வெயில் நேராக விழும் இடத்தில் மரச்சட்டம் வைத்த பந்தல். வேலி விதிப்படியான உயரத்தில், இடைவெளி விட்ட நெடுக்குச் சட்டங்களாக இருக்கும். குறுக்குச் சட்டமாகப் போட்டால் அதுவே ஏணி ஆகிவிடும். கேட்டையும் வேலியின் அதே சட்டம், அதே நிறத்தில் செய்துவிட்டால் எது வேலி, எது கேட்டு என்று உள்ளேயிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

என் கணவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “நெருப்புப் புடிச்சா?”

வெளியே பூட்டு கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். உள்ளேயிருந்து திறக்கிற தாழ்தான் வேண்டும், ஆனால் அதை யாரும் தேடாத இடத்தில் வைப்போம் என்றார். கடைசியில் தரைக்குச் சற்று மேலே, காலால் மிதித்தால் விடுபடுகிற மாதிரி ஒரு தாழைச் செய்தார். கேட்டைத் திறக்க நினைக்கிற கை இடுப்பளவில்தான் தேடும், கணுக்காலருகே தேடாது என்பது அவருடைய கணக்கு.

பெரியவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “நடந்துகிட்டே இருக்கட்டும்ங்கிறீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. பொதுச் சுவருக்கு அருகே முன்பக்கத் தளத்தின் தூண் வருகிறது. விண்ணப்பத்தோடு பக்கத்து வீட்டுச் சம்மதமும் கேட்பார்கள்.

“வேணாம்மா. அவங்ககிட்ட இதைப் பேசினா தெருவே பேசும்.”

பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு சீன ஆன்டி. கணவர் இல்லை, தனியாக இருந்தார். சம்மதம் வாங்க நானே போகிறேன், விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்று பெரியவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். அவரோ மனது கேட்காமல் என் பின்னாலேயே வந்துவிட்டார். ஆன்டி தன் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் தளம், தூண், திருடன் என்று ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவரைப் பார்த்து மலாயிலேயே, “மிஸி நடக்க இடம் செய்கிறாயா?” என்று கேட்டார்.

நர்ஸை இங்கே மிஸி என்றுதான் எல்லா இனத்தவரும் அழைப்பது.

ஆன்டி அவரிடம் சொல்லிக்கொண்டே போனார். நீ குளிக்கப் போகும் நேரத்தில் மிஸி கிளம்புவார். நான் பார்த்தால் நானும் குடையை எடுத்துக்கொண்டு கூடப் போவேன். கடைத்தெரு வரைக்கும் பேசிக்கொண்டே போய்த் திரும்பிக் கூட்டி வந்துவிடுவேன். எத்தனையோ தடவை. நீ சொல்லாத விஷயத்தை நான் ஏன் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நின்றது மிஸிதான், தெரியுமா உனக்கு?

பெரியவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவை என்று எண்ணி வைத்திருந்தாரே, அது அவருக்குத் தெரிந்த கணக்கு மட்டும்தான். ஆன்டி உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் தூணைப் பார்க்கிற மாதிரி சுவரோரமாக நகர்ந்துகொண்டேன். சம்மதம் கிடைத்தது. கூடவே, தன் வீட்டுப் பக்கம் வேலியைத் தாழ்வாக வைக்க வேண்டும், அப்போதுதான் மிஸி நடந்து வரும்போது பேச முடியும் என்று ஆன்டி நிபந்தனையும் போட்டார்.

வேலை தொடங்கியது. தளத்துக்குச் செங்கால் மரம். இந்த ஊர் மழைக்கும் கறையானுக்கும் அதுதான் ஈடு கொடுக்கும். கோடு கோடாகப் பள்ளம் போட்ட பலகைதான் வழுக்காது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் அந்தப் பள்ளத்தில்தான் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கிறது. அதனால் பள்ளமில்லாத பலகையை வாங்கி, பலகைக்குப் பலகை விரல் நுழையாத இடைவெளி விட்டுப் பொருத்தினோம். அடியில் காற்று போகவும் தண்ணீர் ஓடவும் சரிவு வைத்தோம். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், பின்னாலேயே சுகாதார அதிகாரியும் வருவார். லோங்காங்கின் மேலே வருகிற பலகைகளை மட்டும் தூக்கிக் கழுவுகிற மாதிரி தனித்தனி மூடிகளாகச் செய்தோம். கிள்ளானில் கடல் காற்று உண்டு, சாதா ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடித்துவிடும். எல்லாம் எவர்சில்வர்தான் போட்டோம்.

மிஸிக்கு எங்கள் வேலை பிடித்திருந்தது. காலையில் நாங்கள் வந்ததும் ஒவ்வொருவராகப் பார்த்து நலம் விசாரிப்பார். என்னை யூனிஃபார்ம் போடாத புது நர்ஸாகவே வைத்திருந்தார். ஒருநாள் வெல்டிங் பொறி தெறித்து என் கணவரின் முழங்கைக்குக் கீழே சுட்டுவிட்டது. எங்களுக்கு இது வழக்கம்தான். ஆனால் அவர் கையை உதறியதை மிஸி பார்த்துவிட்டார்.

“உக்காருங்க. கையக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல ஆன்டி. சின்னதுதான்.”

“சின்னதா பெருசான்னு நான் சொல்றேன்.”

குழாயடிக்குக் கூட்டிப்போய், ஓடுகிற தண்ணீரில் அவர் கையை நெடுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பெரியவர் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மிஸி கட்டுப் போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை தன் மகனின் பெயர் வராமல் தடுமாறியவர் அவர். அந்த விரல்களில் மட்டும் தடுமாற்றமே இல்லை. துணியை மடித்த விதம், ஒட்டின விதம், முடித்ததும் கட்டின் ஓரத்தில் விரலை விட்டு இறுக்கம் பார்த்த விதம் எல்லாம் அப்படியே இருந்தன. “நாளைக்கு வந்து காட்டணும். டிமிக்கி குடுக்கக் கூடாது” என்றார். என் கணவர் சின்னப் பையன் மாதிரி சரி என்றார். மறுநாள் நிஜமாகவே போய்க் காட்டினார்.

பந்தல் முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது என் வரைபடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலே மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கியிருந்தோம். உச்சி வெயிலில் அதன் நிழல் தளம் முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தேன்.

மிஸி முன்வாசலிலிருந்து தளத்தில் நடந்து வந்தார். பக்கவாட்டில் திரும்பியவர் பந்தல் தொடங்குகிற இடத்தில் சட்டென்று நின்றார். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க ஆன்டி. புது தளம். வந்து பாருங்க.”

“பள்ளமா இருக்கே.”

“எங்க ஆன்டி?”

“இங்க, இங்க, எல்லா எடத்துலயும்.” அவர் விரல் நிழல் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டியது.

நிழல்தான் என்று காட்ட நான் அதன்மேல் போய் நிற்கப்போனேன். ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அந்த வயதில் அவ்வளவு பலமாக இழுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “நீ விழுந்துடுவேம்மா! பாத்து நடக்க வேணாமா?” என்றார். பிடித்த கையை விடவே இல்லை. அந்தப் பயம் முழுக்க எனக்காகத்தான்.

பெரியவர் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவரே நடந்து காட்டினார். மிஸிக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் அதே கதை. காலையில் பந்தல் பக்கம் வீட்டு நிழல் விழுந்திருக்கும்போது நடப்பார். வெயில் ஏறி கோடு விழுந்ததும் நின்றுவிடுவார். வழி முடிந்துபோகக் கூடாது என்று நான் செய்த வழியை, அழகுக்காக நான் போட்ட சட்டங்களே முடித்து வைத்துவிட்டன.

“விடும்மா. நான் பழையபடி கேட்டப் பூட்டிக்கிறேன். நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார் பெரியவர். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சட்டங்களை எல்லாம் கழற்றினோம். பதிலுக்கு என்ன போடுவது என்பதில் எனக்கும் என் கணவருக்கும் பெரிய வாக்குவாதம். கொடி ஏற்றலாம் என்றேன். இலை நிழலும் திட்டுத் திட்டாகத்தானே விழும் என்றார். தகரம் போட்டால் இருட்டிவிடும், மழை பெய்தால் காது கிழியும். கடைசியில் பால் நிறப் பாலிகார்பனேட் தகடு என்று முடிவானது. வெளிச்சம் வரும், ஆனால் கோடு விழாது. அதன் கெட்ட குணம் சூடு. தாழ்வாகப் போட்டால் அடியில் நிற்க முடியாது. அதனால் தூண்களை உயர்த்தி, தகட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே சூடான காற்று வெளியேற இடைவெளி விட்டோம். அந்த இடைவெளியை வீட்டுக் கூரையின் ஓரம் மறைத்தது; தூண் உயர்ந்ததால் மழைச் சாரல் உள்ளே அடிக்காமலிருக்க, தகட்டின் வெளி ஓரத்தை நீட்டினோம். தகட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்கள் கீழே நிழல் போடுமோ என்று பயந்து, அவற்றுக்கும் வெள்ளை அடித்து ஓரத்துக்குத் தள்ளினோம்.

மாட்டி முடித்த மதியம் நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். மிஸி கைப்பையோடு வந்தார். திருப்பத்தில் வேகம் குறைந்தது. தூணில் கை வைத்தார். தரையைப் பார்த்தார். சப்பாத்தின் நுனியால் பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு நடந்துவிட்டார். சமையலறை வழியாக உள்ளே போய் மறுபடியும் முன்வாசலில் வந்தபோது, எங்களைப் பார்த்து, “ஏன் எல்லாரும் இங்கயே நிக்கிறீங்க? வேலையில்லையா?” என்று கேட்டார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

நகராண்மைக் கழகத்திலிருந்து வேலையைப் பார்வையிட ஒரு மலாய் அதிகாரி வந்தார். வேலியை அளந்தார், சரி என்றார். நீட்டிய கூரை ஓரம் எல்லையை ஒரு முழம் தாண்டியிருந்தது. அதை வெட்டச் சொன்னார். அது எங்கள் தவறுதான், ஒப்புக்கொண்டோம். பிறகு உள்பக்கம் நின்றுகொண்டு கேட்டைத் தேடினார். கைப்பிடி இல்லையே, ஏன் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியவர் மலாயில் சொல்லிவிட்டார். “என் மனைவிக்கு மறதி நோய். வெளியே போனால் திரும்பி வரத் தெரியாது. அவருக்காக இப்படிச் செய்தோம்.” தயங்காமல், சத்தமாகவே சொன்னார். கீழே இருந்த தாழை மிதித்துத் திறந்தும் காட்டினார். அதிகாரி தானும் மிதித்துப் பார்த்தார். ஆபத்து நேரத்தில் திறக்கும் என்றால் பிரச்சினை இல்லை என்றார். கிளம்பும்போது பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். என்னவென்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பக்கம் வேலை இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். மிஸி நடந்துகொண்டிருப்பார். காலையிலும் மாலையிலும் ரவுண்ட்ஸ். சீன ஆன்டி தாழ்ந்த வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மிஸி ஒவ்வொரு சுற்றிலும் நின்று, மலாயில் அவருடைய இரத்த அழுத்தத்தை விசாரிப்பார். ஆன்டி ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதில் சொல்வார். ஒரு நாள் இடியும் மழையும் கொட்டிக்கொண்டிருந்தபோது போயிருந்தோம். மிஸி நனையாமல் நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே பெரியவரும் நடந்துகொண்டிருந்தார். “வெளிய வந்து ரெண்டு பேரும் மழையப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா” என்றார் எங்களிடம்.

நோய் நிற்கவில்லை. எந்த மரத்தளமும் அதை நிறுத்தாது. சுற்றுகள் குறைந்தன. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு சக்கர நாற்காலி. படி வைக்காமல் விட்டது அப்போது உதவியது, பெரியவர் தனியாகவே தள்ளிக்கொண்டு போனார். போன மழைக்காலத்தில் மிஸி தன் படுக்கையிலேயே இறந்தார். சாவுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு வீட்டுக்குள் இடம் போதாமல் தளம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சீன ஆன்டி பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பெரியவரிடமிருந்து கொஞ்ச காலம் செய்தி இல்லை. நாங்களும் தொந்தரவு செய்யவில்லை. போன மாதம் அவரே அழைத்தார்.

“காப்பார்ல ஒரு வீடு இருக்கும்மா. அந்த வீட்டுக்காரருக்கும் இதே மறதிதான், முன்ன லோரி ஓட்டினவர். கோயில்ல அந்த வீட்டுப் பொண்ணு அப்பாவத் தேடி ஓடினதப் பார்த்தேன், அது சொல்லாமலே புரிஞ்சுது. வேலி போட ஆள் வேணுமாம். நீங்க வந்து பாக்க முடியுமா? நானும் வரேன்.”

பெரியவர் லோரியில் எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. அந்த வீடு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்தது. முன்னால் மண் முற்றம், அதைச் சுற்றி அறுந்து தொங்குகிற கம்பி வலை. மகள் கேட்டைத் திறந்தாள், களைத்துப்போன முகம். அவளுடைய அப்பா உள்ளே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“மன்னிச்சுக்கிங்க, அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. அதான் சத்தம்” என்று அவள் எங்களிடம் மழுப்பினாள். “வீட்டச் சுத்தி உயரமா ஒரு வேலி போட்டாப் போதும். இங்க திருட்டு அதிகம்.”

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் அவளருகே போய் நின்றார்.

“என் வீட்டுக்காரியும் இப்படித்தான்ம்மா கதவத் தட்டுவா. நானும் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். நீ முதல்ல அப்பாவ வெளிய கூட்டிட்டு வா. அவர் எப்படி நடக்குறாருன்னு இவங்க பாக்கணும்.”

அவள் உள்ளே போய்க் கதவைத் திறந்தாள். உயரமான, எலும்பும் தோலுமான ஒரு மனிதர் கையில் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். எங்களைக் கண்டுகொள்ளாமல் முற்றத்தின் குறுக்கே விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். நானும் என் கணவரும் அளவு நாடாவை எடுக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, அவர் எங்கே திரும்புகிறார், எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.